படைத்தலைவர் ஆக விரும்புவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராணுவ அதிகாரியாக வேண்டும் என்று சொல்லும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவரிடம் காரணம் கேட்டால் ஒரு விடை வரும். இருபது ஆண்டுகள் பணியாற்றிய கர்னலிடம் அதே கேள்வியைக் கேட்டால் வேறு விடை வரும். படையில் சேர்வதற்கான காரணம், அங்கேயே தங்கிவிடுவதற்கான காரணம், பிறரைப் போருக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பை ஏற்பதற்கான காரணம் ஆகிய மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இந்தப் பொருள் பற்றிய பேச்சு பெரும்பாலும் மேடைப் பேச்சாகவே முடிந்துவிடுகிறது. இம்மூன்றையும் பிரித்துப் பார்ப்பதே இப்பக்கத்தின் நோக்கம். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இந்தியத் தரைப்படையிலிருந்தும், தேவையான இடங்களில் பிற நாட்டு வரலாற்றிலிருந்தும் வருகின்றன.

பெரிய தளபதிகள் எல்லோரும் சிறுவயதிலிருந்தே அந்தக் கனவோடு வளர்ந்தவர்களா?

பலர் அப்படி வளரவில்லை. சிலர் படைக்குப் போவதற்கே விருப்பமில்லாமல் போனார்கள்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்பின் தலைமைத் தளபதியாகி, பிறகு குடியரசுத் தலைவராகவும் ஆன யுலிசீஸ் கிராண்ட், 1839இல் அமெரிக்க ராணுவ அதிகாரிகளைப் பயிற்றும் வெஸ்ட் பாயிண்ட் கழகத்தில் சேர்ந்தது தந்தையின் ஏற்பாட்டினால்தான். அந்தக் கழகத்தையே மூடிவிடலாமா என்று நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தபோது, மூடிவிட்டால் நல்லது என்று எதிர்பார்த்து நாளிதழ்களைப் படித்ததாக அவரே பின்னாளில் எழுதினார். கணித ஆசிரியர் ஆவதே அப்போது அவருடைய விருப்பம். முப்பத்தொன்பது பேர் கொண்ட வகுப்பில் இருபத்தொன்றாவதாகத் தேறி, பணியாற்றி, 1854இல் விலகி, விவசாயத்தில் தோற்று, தந்தையின் தோல் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவரை 1861இல் மூண்ட போர்தான் மீண்டும் சீருடைக்குக் கொண்டுவந்தது.

இரண்டாம் உலகப் போரின் அமெரிக்கத் தளபதி ஐசனோவரின் கதையில் வறுமையும் உண்டு. கான்சாஸ் மாநிலத்தின் அபிலீன் ஊரில், அண்ணனும் தம்பியும் ஆளுக்கு ஓர் ஆண்டு வேலை பார்த்து மற்றவரைக் கல்லூரிக்கு அனுப்புவது என்று பேசிவைத்திருந்தார்கள். தம்பியான ஐசனோவர் பால் பண்ணை ஆலையில் இரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, கட்டணமில்லாமல் படிக்க ராணுவக் கழகங்கள் இருக்கின்றன என்று நண்பர் ஒருவர் சொன்னார். கடற்படைக் கழகத்துக்கு வயது கடந்துவிட்டது. எனவே 1911இல் வெஸ்ட் பாயிண்ட். போரையே பாவமென்று கருதிய அவருடைய தாய், மகனை அனுப்பிவிட்டு அழுதார். 1944இல் நார்மண்டிக் கரையில் இறங்கிய நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி, இலவசக் கல்விக்காகப் படையில் சேர்ந்தவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நம் நாட்டில் சாம் மானெக்ஷா. மருத்துவரான தந்தையைப் போலத் தானும் மருத்துவராக வேண்டும், அதற்கு லண்டன் போக வேண்டும் என்று கேட்டார். தனியாக அனுப்பும் வயதில்லை என்று தந்தை மறுத்துவிட்டார். அந்தக் கோபத்தில் எழுதிய தேர்வுதான் அவரை 1932இல் டேராடூனில் தொடங்கிய இந்திய ராணுவக் கழகத்தின் முதல் அணியில், நாற்பது பேரில் ஒருவராகச் சேர்த்தது. பிற்கால ஃபீல்டு மார்ஷலின் ராணுவ வாழ்க்கைக்கு முதல் காரணம் அப்பாவோடு போட்ட சண்டை.

அப்படியானால் நாட்டுப்பற்று என்பது வெறும் பேச்சுத்தானா?

இல்லை. ஆனால் அது மேடையில் சொல்லப்படும் அளவுக்கு எளிமையாக ஒருபோதும் இருந்ததில்லை.

விடுதலைக்கு முன் பிரிட்டிஷ் இந்தியப் படையில் அதிகாரியான இந்தியர்களை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நாட்டுக்காக அவர்கள் சேவை செய்தார்கள்? கரியப்பா 1919இல் இந்தூரில் பயிற்சி பெற்ற முதல் இந்திய அதிகாரிகளுள் ஒருவர். திம்மய்யா பிரிட்டனின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கழகத்தில் பயின்று 1926இல் அதிகாரியானவர். ஊரெல்லாம் விடுதலைப் போராட்டம் நடக்கும்போது அந்நியர் சீருடையில் இருப்பது முறையா என்ற கேள்வி அவர்களை விட்டுவைக்கவில்லை. அலகாபாத்தில் இருந்தபோது, பதவியைத் துறந்துவிடலாமா என்று மோதிலால் நேருவிடம் திம்மய்யா கேட்டதாகவும், துறக்க வேண்டாம், விடுதலை பெற்ற நாட்டுக்குப் பயிற்சி பெற்ற அதிகாரிகள் தேவைப்படுவார்கள் என்று அவர் சொன்னதாகவும் கூறப்படுகிறது. அதே திம்மய்யாவின் சகோதரர் ஒருவர் சிங்கப்பூரில் போர்க்கைதியாகி, பின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். ஒரே வீட்டில் வளர்ந்த இருவர், ஒரே பற்றினால் எதிரெதிர் அணிகளில் நின்றார்கள். 1949 ஜனவரி 15 அன்று கரியப்பா முதல் இந்தியத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றபோது, முப்பது ஆண்டுக்காலத் தயக்கத்துக்கு ஒரு விதமான விடை கிடைத்தது என்று சொல்லலாம்.

நாட்டுப்பற்றே நேரடியாகத் தளபதியை உருவாக்கிய வரலாறும் உண்டு. வியட்நாமின் வோ நுயென் கியாப் ஹனோயில் வரலாற்று ஆசிரியராக இருந்தவர். எந்த ராணுவக் கழகத்திலும் படித்ததில்லை. அவருடைய மனைவி பிரெஞ்சுச் சிறையில் இறந்தார். 1944 டிசம்பரில் முப்பத்து நான்கு பேரோடு தொடங்கிய அவருடைய அணி, பத்தே ஆண்டுகளில் தியென் பியென் பூவில் பிரெஞ்சுப் படையைச் சரணடையச் செய்தது. இங்கே பற்று என்பது கொள்கையும் இழப்பும் கலந்த ஒன்று. எந்த விழுக்காட்டில் எது என்று பிரித்துக் காட்ட யாராலும் முடியாது.

குடும்ப மரபு எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது?

வாசலைத் திறந்துவைக்கிறது, உள்ளே தள்ளுவதில்லை. ராணுவக் குடியிருப்பில் வளர்ந்த பிள்ளைக்கு மாறுதல் ஆணைகளும், தந்தை இல்லாத பிறந்தநாள்களும், ரெஜிமென்ட் விழாக்களும் பழகிப்போனவை. அந்த வாழ்க்கை எப்படி இருக்கும் என்ற அச்சம் அவருக்கு இல்லை. வேலூர் அருகே உள்ள கம்மவான்பேட்டையில் தலைமுறை தலைமுறையாக ஆண்கள் படைக்குப் போவதால் ஊருக்கே ராணுவப்பேட்டை என்ற பெயர் வழங்குகிறது. அங்கே ஓர் இளைஞர் படையில் சேர்வதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. சேராமல் இருப்பதற்குத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆனால் மரபு ஒன்றே விதியாகிவிடாது என்பதற்குத் திருச்செங்கோடு அருகே உள்ள குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. தந்தை சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல்வர். தாய் ராதாபாய் மத்திய சட்டமன்றத்தின் மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண். மகன்களில் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம் பீரங்கிப் படை அதிகாரியாகி, வட ஆப்பிரிக்கப் போரில் எதிரியிடம் சிறைப்பட்டு, 1966இல் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியானார். இன்னொரு மகன் மோகன் பொதுவுடைமையாளராகிச் சிறை சென்று, பிற்பாடு மத்திய அமைச்சரானார். மகள் பார்வதி கிருஷ்ணன் பொதுவுடைமைக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர். பொதுவாழ்வில் முன்னே நிற்க வேண்டும் என்ற எண்ணத்தை அந்த வீடு எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தது. எந்த உடையில் நிற்பது என்பதை அவரவர் முடிவு செய்துகொண்டார்கள்.

பணமும் பதவியும் காரணமாக இருப்பது இழுக்கல்லவா?

பிழைப்புக்காகச் சேர்வதை இழுக்கென்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் பிழைப்பைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாதவர்களே. பிரிட்டனில் 1871 வரை காலாட்படையிலும் குதிரைப்படையிலும் அதிகாரிப் பதவியை விலை கொடுத்து வாங்கும் முறையே நடைமுறையில் இருந்தது. அங்கே பணம் இல்லாதவருக்குத்தான் தலைமை எட்டாமல் இருந்தது. பணத்துக்காக யாரும் வந்ததாகக் குறை சொல்லப்படவில்லை.

இன்று இந்தியத் தரைப்படையில் லெப்டினன்ட்டின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். அதோடு ராணுவச் சேவை ஊதியம் 15,500 ரூபாயும் பிற படிகளும் சேரும். இருபத்திரண்டு வயதில் இது மதிப்பான தொகை. ஆனால் அதே வயதில் அதே திறமையுள்ளவருக்குத் தனியார் துறை பின்னாளில் தரக்கூடியதோடு ஒப்பிட்டால் இது யாரையும் இருபது ஆண்டுகள் பனிமலையில் உட்காரவைக்கும் தொகை அல்ல. ஆகவே சம்பளம் என்பது நுழைவதற்கான காரணமாக இருக்கலாம். தங்குவதற்கான காரணமாக நீண்டகாலம் தாங்காது.

இதைப் பற்றி ஆய்வு ஏதும் உண்டா?

உண்டு, அதுவும் எதிர்பாராத முடிவோடு. வெஸ்ட் பாயிண்ட்டில் ஒன்பது வகுப்புகளைச் சேர்ந்த 11,320 கேடட்டுகளிடம், எதற்காக இங்கே வந்தீர்கள் என்று சேரும்போதே கேட்டுப் பதிவுசெய்து, ஆண்டுக்கணக்கில் அவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2014இல் வெளியானது. நல்ல அதிகாரியாக வேண்டும், தலைவராகப் பயிற்சி பெற வேண்டும் என்பன போன்ற, அந்த வேலையோடு பிரிக்க முடியாத காரணங்களைச் சொன்னவர்கள் படிப்பை முடித்து அதிகாரியாவதிலும், முன்கூட்டியே பதவி உயர்வுக்குப் பரிசீலிக்கப்படுவதிலும், கட்டாயக் காலம் முடிந்தும் பணியில் தங்குவதிலும் முன்னணியில் இருந்தார்கள். இதுவரை வியப்பில்லை. அந்தக் காரணங்களோடு, பின்னால் நல்ல வேலை கிடைக்கும், வருமானம் கூடும் என்ற காரணங்களையும் வலுவாகச் சொன்னவர்கள், முந்தையவர்களைவிடப் பின்தங்கினார்கள். இரண்டு உந்துதல் இருந்தால் இரட்டிப்பு வலிமை என்ற பொதுப்புத்தி இங்கே பொய்த்தது.

இந்த முடிவை அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. அது ஒரு நாட்டின் ஒரு கழகத்தைப் பற்றியது. பெருந்தொகையினரின் சராசரியைத்தான் சொல்கிறது. 1911இல் அதே கேள்வித்தாளை ஐசனோவரிடம் நீட்டியிருந்தால் அவர் என்ன எழுதியிருப்பார் என்பதை நினைத்துப் பார்த்தால் போதும். அவரோடு 1915இல் தேறிய 164 பேரில் 59 பேர் ஜெனரல் நிலையிலான பதவிகளை அடைந்தார்கள். அவர்கள் எல்லோரும் உயர்ந்த காரணத்தோடு மட்டும் வந்தவர்கள் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. இரண்டு உலகப் போர்கள் அவர்களுக்குத் திறந்துவிட்ட வாய்ப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வாய்ப்பு திறப்பதால் மட்டுமே ஒருவர் தளபதி ஆகிவிட முடியுமா?

ஆசை எங்கும் இருக்கும். அது எந்த வாசலுக்குப் போய்ச் சேரும் என்பதைக் காலம் முடிவு செய்கிறது. பிரெஞ்சுப் புரட்சிக்கு முன், 1781ஆம் ஆண்டு ஆணையின்படி, நான்கு தலைமுறை உயர்குடிப் பிறப்பைக் காட்டினால்தான் பெரும்பாலான அதிகாரிப் பதவிகளுக்கு நேரடியாக நுழைய முடியும். புரட்சி வந்ததும் உயர்குடி அதிகாரிகள் பலர் நாட்டைவிட்டு ஓடினார்கள், நாற்காலிகள் காலியாயின. பீப்பாய் செய்பவரின் மகன் நே, விடுதிக்காரரின் மகன் முராத் ஆகியோர் மார்ஷல் ஆனார்கள். கோர்சிகாவின் சிறிய உயர்குடிக் குடும்பத்திலிருந்து உதவித்தொகையில் படித்துப் பீரங்கி அதிகாரியான நெப்போலியன், தூலோன் முற்றுகைக்குப் பிறகு இருபத்து நான்கு வயதில் பிரிகேடியர் ஜெனரல். பழைய முறை தொடர்ந்திருந்தால் அதே நெப்போலியன் ஏதோ ஒரு கோட்டையில் கேப்டனாக ஓய்வு பெற்றிருக்கக்கூடும்.

இதன் மறுபக்கம் எகிப்தில் தெரிந்தது. பிரிட்டனோடு 1936இல் ஏற்பட்ட உடன்படிக்கைக்குப் பிறகு எகிப்தியப் படை விரிவாக்கப்பட்டு, ராணுவக் கழகம் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் திறக்கப்பட்டது. அஞ்சல் ஊழியரின் மகனான கமால் அப்துல் நாசர் முதல் முறை நிராகரிக்கப்பட்டு, உயர் அதிகாரி ஒருவரை நேரில் பார்த்துப் பேசி, 1937இல் நுழைந்தார். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1952இல், அவரும் அதே தலைமுறை அதிகாரிகளும் மன்னராட்சியைக் கவிழ்த்தார்கள். முன்னேற வேறு வழியில்லாத சமூகத்தில், படை ஒன்றே ஏணியாக இருக்கும்போது, அந்த ஏணியில் ஏறுபவர்கள் பாசறையோடு நின்றுவிடுவதில்லை.

புகழாசையும் அவமானமும் உந்துதலாகுமா?

நம் மொழியில் இதற்கு மிகப் பழைய சான்றே இருக்கிறது. தலையாலங்கானத்துப் போருக்கு முன், இவன் சிறுவன் என்று எதிரிகள் தன்னை இகழ்ந்ததைச் சொல்லி, அவர்களை வெல்லாவிட்டால் மாங்குடி மருதன் முதலிய புலவர்கள் என் நாட்டைப் பாடாது ஒழியட்டும் என்று பாண்டியன் நெடுஞ்செழியன் வஞ்சினம் கூறினான். அந்தப் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. நாடு போகட்டும், உயிர் போகட்டும் என்று அவன் தொடங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குடிகள் தூற்றுவதையும் புலவர் பாடாமல் விடுவதையும்தான் பெருந்தண்டனையாக எண்ணுகிறான்.

இன்னொன்று சற்றே வேடிக்கையானது. பின்னாளில் வெலிங்டன் கோமகன் ஆன ஆர்தர் வெல்லஸ்லி இளமையில் வயலின் வாசிப்பதில் ஈடுபாடு கொண்டவர். படைப் பதவி குடும்பத்தினர் வாங்கிக் கொடுத்தது. 1790களின் தொடக்கத்தில் அவர் விரும்பிய பெண்ணின் குடும்பம், வருங்காலம் இல்லாத இளைஞர் என்று பெண் கொடுக்க மறுத்தது. அவர் தம் வயலின்களை எரித்துவிட்டு ராணுவத் தொழிலில் முழுமூச்சாக இறங்கினார் என்பது வரலாற்றாசிரியர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி. ஸ்ரீரங்கப்பட்டணம், அசாயே, வாட்டர்லூ வெற்றிகள் அதன்பின் வந்தவை. நீலகிரியில் மதராஸ் ரெஜிமென்ட் மையமும் முப்படை அதிகாரிகள் பயிலும் கல்லூரியும் இருக்கும் வெலிங்டன் அவர் பெயரால் அமைந்த ஊர். மானெக்ஷா 2008இல் இறந்ததும் அங்கேதான்.

இந்தியாவில் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம் எந்த உந்துதலைத் தேடுகிறது?

சேவைத் தேர்வு வாரியத்தின் ஐந்து நாள் தேர்வை இளைஞர்கள் எஸ்எஸ்பி என்றே அழைக்கிறார்கள். அதன் வேர் 1942இல் பிரிட்டனில் தொடங்கிய போர்க்கால வாரியங்களில் இருக்கிறது. அதுவரை அதிகாரியைத் தேர்ந்தெடுத்தது சிறு நேர்காணல். எந்தப் பள்ளி, எந்தக் குடும்பம் என்பதே அதன் சாரம். போர் நீண்டு, அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் பலர் பயிற்சியிலேயே தோற்றபோது, மனநல மருத்துவர்களை அழைத்தார்கள். அவர்களில் ஒருவரான வில்ஃப்ரெட் பியோன், மதுராவில் பிறந்து, முதல் உலகப் போரில் டாங்கி அதிகாரியாகச் சண்டையிட்டவர். சிலரை ஒன்றாகச் சேர்த்து, ஒரு வேலையைக் கொடுத்து, யாரையும் தலைவராக நியமிக்காமல் விட்டுவிடுவது அவருடைய முறை. யார் தலைமை ஏற்க விரும்புகிறார் என்பதோடு, தான் மின்ன வேண்டும் என்ற ஆசையும் வேலை முடிய வேண்டும் என்ற அக்கறையும் மோதும்போது அவர் எதை விட்டுக்கொடுக்கிறார் என்பதையும் அது காட்டிவிடும்.

இன்றைய வாரியத்திலும் அந்தக் குழுப்பணி அப்படியே இருக்கிறது. கட்டை, கயிறு, பீப்பாய் ஆகியவற்றைக் கொடுத்து, தரையில் வரைந்த கோட்டைத் தொடாமல் தடையைத் தாண்டச் சொல்வார்கள். உரத்த குரலில் எல்லோருக்கும் ஆணையிடுபவர் தேறிவிடுவார் என்று முதன்முறை போகிறவர்கள் நினைப்பதுண்டு. பின்னால் நின்று, தடுமாறுகிற ஒருவருக்குக் கை கொடுத்து, நல்ல யோசனை இன்னொருவரிடமிருந்து வந்தால் அதையே ஏற்று நடத்துபவரைத்தான் மதிப்பீட்டாளர் குறித்துக்கொள்கிறார். உளவியல் பிரிவில் படத்தைப் பார்த்துக் கதை எழுத வேண்டும். பதினைந்து விநாடிக்கு ஒன்றாக அறுபது சொற்கள் ஓடும், ஒவ்வொன்றுக்கும் மனதில் முதலில் பட்டதை எழுத வேண்டும். முப்பது நிமிடத்தில் அறுபது சூழ்நிலைகளுக்கு என்ன செய்வீர்கள் என்று எழுத வேண்டும். வேகம்தான் இங்கே கருவி. மனப்பாடம் செய்துகொண்டு வந்த வீரவசனம் பத்துச் சொற்களுக்குள் தீர்ந்துவிடும். அதன்பின் கை தானாக எழுதுவதுதான் ஆளைக் காட்டும்.

சேர்ந்த பிறகு காரணம் மாறிவிடுமா?

மாறும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க நேரமுண்டு என்றால் இதைப் படியுங்கள்.

புதிய லெப்டினன்ட்டிடம் ஒரு பிளட்டூன் ஒப்படைக்கப்படும்போது, அதிலுள்ள முப்பதுக்கும் மேற்பட்ட வீரர்களில் பலர் அவரைவிட வயதில் மூத்தவர்கள். அவருக்குத் துணையாக நிற்கும் சுபேதார் அவர் பிறப்பதற்கு முன்பே படையில் சேர்ந்தவராகக்கூட இருக்கலாம். ஒருவருக்கு ஊரில் நிலத்தகராறு, இன்னொருவரின் குழந்தைக்குக் காய்ச்சல், மூன்றாமவருக்கு விடுப்பு மறுக்கப்பட்ட வருத்தம். எல்லாம் இருபத்து மூன்று வயது அதிகாரியின் மேசைக்கு வருகின்றன. அப்பாவோடு போட்ட சண்டையோ, சீருடைமீது இருந்த மோகமோ இந்த இடத்தில் உதவாது. தன்னை நம்பி இத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற உணர்வு வந்தால் அவர் தங்குவார். வராவிட்டால் நாளெண்ணத் தொடங்குவார். டேராடூன் கழகத்தை 1932 டிசம்பரில் தொடங்கிவைத்துப் பேசிய தலைமைத் தளபதி செட்வுட், நாட்டின் பாதுகாப்பும் மானமும் நலனும் முதலில், நீ வழிநடத்தும் வீரர்களின் மானமும் நலனும் வசதியும் அடுத்து, உன் சுகமும் வசதியும் பாதுகாப்பும் எப்போதும் கடைசி என்று சொன்ன வரிசை இன்றும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. அது அறிவுரையாகத் தோன்றினாலும், நடைமுறையில் அன்றாட நேர அட்டவணையாகத்தான் செயல்படுகிறது. வீரர்கள் சாப்பிட்ட பிறகு அதிகாரி சாப்பிடுகிறார்.

இந்தப் பிணைப்பு இருபக்கமும் ஓடும். 1942 பிப்ரவரியில் பர்மாவின் சிட்டாங் ஆற்றருகே மானெக்ஷாவின் வயிற்றில் குண்டுகள் பாய்ந்தபோது, அவர் பிழைக்கமாட்டார் என்று கருதிய உயர் அதிகாரி கோவன், இறந்தவருக்கு மிலிட்டரி கிராஸ் விருது கிடையாது என்பதால், தன் விருது நாடாவையே கழற்றி அவர் மார்பில் குத்தினார். அவரைச் சுமந்துகொண்டுபோய் மருத்துவரிடம் சேர்த்தது அவருடைய உதவியாளரான சிப்பாய் ஷேர் சிங். அதன்பின் அவர் படையில் ஏன் தங்கினார் என்று கேட்கத் தேவையிருக்காது.

அச்சத்துக்கும் இதில் பங்குண்டு. 1861இல் கர்னலாக முதன்முறை ஒரு படைப்பிரிவை எதிரியின் முகாமை நோக்கி நடத்திச் சென்றபோது, இதயம் தொண்டைவரை ஏறிவிட்டதாகவும், நிறுத்தச் சொல்லும் துணிவுகூட இல்லாததால்தான் தொடர்ந்து போனதாகவும் கிராண்ட் எழுதினார். மேட்டில் ஏறிப் பார்த்தால் எதிரி ஏற்கனவே கிளம்பிப் போயிருந்தான். அவனும் என்னைக் கண்டு அஞ்சியிருக்கிறான் என்று அன்று புரிந்தது, பிறகு அந்தப் பாடத்தை மறக்கவில்லை என்கிறார். அடுத்த நான்கு ஆண்டுகளில் அவரைத் தளபதியாக்கியது இத்தகைய அனுபவங்கள்தான். வெஸ்ட் பாயிண்ட் வாசலில் அவை எதுவும் அவரிடம் இல்லை.

பலர் ஏன் இடையில் விலகுகிறார்கள்?

அமைப்பு கூம்பு வடிவமானது. லெப்டினன்ட் கர்னல் வரை, சுமார் பதின்மூன்று ஆண்டுகளில், தகுதியும் காலமும் கொண்டுபோய்ச் சேர்க்கும். கர்னல் பதவியும் அதற்கு மேலும் வாரியத் தேர்வு. அங்கே பல நல்லவர்கள் வடிகட்டப்படுகிறார்கள். தன் பட்டாலியனுக்குத் தலைமை தாங்க வேண்டும் என்ற ஒரே ஆசையோடு பதினைந்து ஆண்டுகள் உழைத்தவருக்கு அந்தக் கடிதம் வராமல் போவது எளிதில் ஆறும் புண் அல்ல. சென்னைப் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தின் வழியாகக் குறுகிய காலச் சேவைக்கு வருபவர்கள் பத்து ஆண்டுகளும், விரும்பினால் மேலும் நான்கும் பணியாற்றி விலகலாம். அவர்களில் பலர் தொடக்கத்திலிருந்தே அப்படித் திட்டமிட்டவர்கள். துணைவரின் வேலை, பிள்ளைகளின் பள்ளி, முதிய பெற்றோர் ஆகியவையும் முடிவைத் தள்ளுகின்றன. இவற்றை ஊக்கக் குறைவு என்று பெயரிடுவது நியாயமில்லை.

பெண்களின் உந்துதல் வேறானதா?

உந்துதல் வேறானதல்ல, வாசல்தான் வேறாக இருந்தது. சென்னையில் மருத்துவம் படித்து 1940இல் சிங்கப்பூர் சென்ற லட்சுமி சுவாமிநாதன், 1943இல் இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்றார். அதில் சேர்ந்தவர்களில் பெருந்தொகையினர் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்ப் பெண்கள். அவர்களில் பலர் இந்திய மண்ணைப் பார்த்ததே இல்லை. இதற்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1992இல்தான், மருத்துவமும் செவிலியமும் அல்லாத பிரிவுகளில் இந்தியத் தரைப்படை பெண் அதிகாரிகளைச் சேர்க்கத் தொடங்கியது. நிரந்தரப் பதவியும் தலைமைப் பொறுப்பும் பெற உச்ச நீதிமன்றத்தின் 2020 பிப்ரவரித் தீர்ப்பு தேவைப்பட்டது. கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் 2022இல் சேர்ந்த முதல் அணியின் பதினேழு பெண்கள் 2025 மே மாதம் தேறி வெளிவந்தனர். காலாட்படையும் டாங்கிப் படையும் இன்னும் அவர்களுக்குத் திறக்கப்படவில்லை.

சிப்பாயாகச் சேர்ந்தவர் அதிகாரியாக முடியுமா?

முடியும். பணியிலுள்ள வீரர்கள் தேர்வெழுதி, வாரியத்தில் தேறி, டேராடூனில் உள்ள ராணுவ கேடட் கல்லூரியில் மூன்றாண்டும் பின் ராணுவக் கழகத்தில் ஓராண்டும் பயின்று அதிகாரியாகலாம். படை எப்படி இருக்கும் என்று அறிந்த பிறகும் தலைமையை நாடுகிறவர்கள் இவர்கள். ஆகையால் இவர்களிடம் மயக்கம் குறைவு.

அதிகார ஆசையோடு வருபவர் ஆபத்தானவர் இல்லையா?

ஆபத்து ஒருவரின் மனத்தில் இருப்பதைவிட, அந்த மனத்துக்கு இடங்கொடுக்கும் அமைப்பில்தான் அதிகம் இருக்கிறது. ஒரே பயிற்சி மரபிலிருந்து பிரிந்த இரு படைகளில், பாகிஸ்தானில் 1958இலேயே அயூப் கான் ஆட்சியைப் பிடித்தார். இந்தியாவில் அது நிகழவில்லை. இங்கிருந்தவர்களுக்கு ஆசையே இல்லை என்று சொல்வது குழந்தைத்தனம். 1947இல் முப்படைக்கும் மேலான தலைமைத் தளபதி என்ற பதவி நீங்கி, மூன்று படைகளுக்கும் சமநிலையில் தனித்தனித் தலைவர்கள் அமைந்தார்கள். 1955இல் தலைமைத் தளபதி என்ற பழைய பட்டமும் நீக்கப்பட்டது. படைத் தலைவரின் காலமும் வரையறுக்கப்பட்டது. ஆசை உள்ளவரும் மூன்றாண்டில் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும் என்ற வழக்கம் வேரூன்றியது.

என் பிள்ளை அதிகாரியாக விரும்புகிறார். அவருடைய காரணம் சரியானதா என்று எப்படி அறிவது?

காரணத்தைத் துருவ வேண்டாம். மேலே சொன்னவர்களில் பாதிப்பேர் அந்தச் சோதனையில் தோற்றிருப்பார்கள். சீருடை பிடிக்கும் என்றால் பிடிக்கட்டும். அதைவிடப் பயனுள்ள வேறு சில செய்திகள் உங்கள் கண்முன்னே இருக்கின்றன. பள்ளிச் சுற்றுலாவில் யாராவது பின்தங்கினால் அவர் நிற்கிறாரா? விளையாட்டு அணியில் தோற்ற நாளில் யாரைக் குறை சொல்கிறார்? யாரும் பார்க்காத வேலையை முடிக்கிறாரா? தேசிய மாணவர் படையில் சேர்த்துவிடலாம்; உடுமலைப்பேட்டை அருகே அமராவதிநகரில் 1962 முதல் இயங்கும் சைனிக் பள்ளிபோன்ற இடங்களும் உண்டு. பிடிக்காவிட்டால் அங்கேயே தெரிந்துவிடும், தெரிவதும் நல்லதுதான். உங்கள் நிறைவேறாத ஆசையை மட்டும் அவர் தோளில் நட்சத்திரமாகக் குத்த முயலாதீர்கள்.

நேர்காணலில் “ஏன் சேர விரும்புகிறாய்?” என்று கேட்டால் என்ன சொல்வது?

உண்மையைச் சொல்லலாம். முதல் நாளே நீங்கள் நிரப்பிக் கொடுத்த தன்விவரப் படிவம் நேர்காணல் அதிகாரியின் கையில் இருக்கும். தந்தையின் வருமானம், மதிப்பெண்கள், விளையாட்டு, முந்தைய முயற்சிகள் எல்லாம் அதில் இருக்கும். நீங்கள் சொல்லும் காரணம் அந்த வாழ்க்கையிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். நிலையான வேலை குடும்பத்துக்குத் தேவை என்பது காரணங்களில் ஒன்றென்றால் அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வங்கியிலும் அந்த நிலைப்பு கிடைக்குமே, பிறகு ஏன் இது என்ற அடுத்த கேள்விக்கு உங்களிடம் சொந்த விடை இருக்க வேண்டும். அந்த இரண்டாவது விடையை வீட்டிலேயே உட்கார்ந்து, யாருக்கும் காட்டாமல், ஒருமுறை எழுதிப் பாருங்கள். முதல் முயற்சியில் தேறாதவர்கள் வயது வரம்புக்குள் மீண்டும் மீண்டும் வரலாம்; நான்காவது ஐந்தாவது முறையில் பரிந்துரை பெற்றவர்களும் இருக்கிறார்கள்.